கட்டுமரமும் கற்றமரானும்

ஆங்கிலத்திற் புகுந்த தமிழ்ச் சொற்கள் எவை என வகுப்பறையில் வினவினால், மாணவர் முதலிற் கூறுவது பெரும்பாலும் கட்டுமரம் என்பதே. சுருட்டும் மிளகுதண்ணீரும் அதன் பின்னரே வரும். ஏனைய சொற்கள் உண்பனவும் புகைப்பனவுமாக நிற்க, இஃதொன்று கடலை வென்ற தொழிலொன்றின் பெயராய் விளங்குதலின் இதன்மேல் நம்மவர்க்குத் தனிப்பற்று உண்டு. ஆயினும் கற்றமரான் என்று ஆங்கிலேயர் இன்று எப்பொருளைச் சுட்டுகின்றனர் என்பதை ஆராய்வார் சிலரே. இரண்டு உடல்களை இடைவெளிவிட்டு ஒருபோகாய் நிறுத்தி, மேலே தளமொன்றினால் இணைத்த கப்பலே இன்று அச்சொல்லின் பொருள். அத்தகைய கலத்தைத் தமிழ்ப் பரதவர் எவரும் கட்டுமரம் என்று அழைத்ததில்லை. சென்ற சொல் ஒன்று. அது குறிக்கும் பொருள் மற்றொன்று. இவ்வேறுபாடு யாங்ஙனம் நேர்ந்தது என்பதும், அதனை அறியாமையால் இரு சாராரும் எவ்வாறு பிழைபடப் பேசுகின்றனர் என்பதும் ஆராயத்தக்கன.

சொல்லின் அமைப்பை முதற்கண் நோக்குதல் வேண்டும். யூல், பேர்ணல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியமாகிய ‘ஹொப்சன் ஜொப்சன்’ இச்சொல்லைக் கட்டு, மரம் எனச் சரியாகவே பிரித்தது. ஆயினும் கட்டு என்பதற்குக் கட்டுதல் எனத் தொழிற்பெயராகப் பொருள் கூறி அமைந்தது. பிற்கால அகராதிகள் பலவும் ‘கட்டப்பட்ட மரம்’ என இறந்தகாலப் பொருளே தருகின்றன. இவ்விரண்டும் முழுப்பொருள் ஆகா. கட்டுமரம் என்பது ஊறுகாய், சுடுகாடு என்பனபோல வினைத்தொகை. காலத்தை வெளியிற் காட்டாது அகத்தடக்கி நிற்கும் பெயரெச்சத் தொடர் அது. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்துக்கும் உரித்தாய் விரியும்.

இதனை மறுப்பார் கூறத்தக்க தடை ஒன்றுண்டு. கட்டுச்சோறு, கட்டுக்கதை என்பவற்றிற்போல ஈண்டும் கட்டு என்பதைப் பெயராகக் கொண்டால் என்னை எனின், அத்தொடர்களில் வல்லினம் மிக்கு வந்தமையால் அவை வினைத்தொகை அல்ல என்பது புலனாகும். மரம் என்பதோ மெல்லினத்தை முதலாக உடையது. மிகுதற்கு இடமின்மையின் புணர்ச்சி விதியைக் கொண்டு மட்டும் துணிதல் இயலாது. இலக்கணம் வாய்மூடும் இவ்விடத்திலே பொருளியல்பே வழக்கைத் தீர்க்க வேண்டும். பொருளியல்பை அறிவதற்குக் கடற்கரைக்குச் செல்லுதல் வேண்டும்.

சோழமண்டலக் கரையின் கட்டுமரம் எடை குறைந்த மென்மரக் கட்டைகள் மூன்று முதல் ஏழு வரை கொண்டது. நடுக்கட்டை நீண்டும் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். ஓரக்கட்டைகள் உயர்ந்து நிற்கும். முன்புறம் மேல்நோக்கி வளையுமாறு செதுக்கப்படும். கட்டைகளைப் பிணைப்பது கயிறேயன்றி ஆணி அன்று. பலகைகளின் பொருத்துவாய்களை அடைத்து நீரை வெளியே நிறுத்துதல் ஏனைக் கலங்களின் இயல்பு; கட்டுமரத்துக்கோ உள், வெளி என்னும் பாகுபாடே இல்லை. அலை மேலே ஏறும். கட்டைகளின் இடைவெளியால் வழிந்து போகும். மொண்டு இறைக்க வேண்டிய நீர் அங்கு இல்லை. நீர் நிறைந்து மூழ்குதற்கு இடமும் இல்லை. அது மிதப்பது தன்னுள் அடைத்த காற்றினால் அன்று, மரத்தின் மென்மையினாலேயே. ஆதலின் மரம் நீரை உறிஞ்சிக் கனத்தல் ஒன்றே அதற்குப் பெரும்பகை. அப்பகையை வெல்லும் வழியும் எளியது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே மணலில் ஏற்றி உலர விடுவர். மீண்டும் கடலுக்குப் போகும்போது கட்டுவர். நேற்றுக் கட்டியது, இன்று கட்டுவது, நாளை கட்டப்போவது என்னும் மூன்றும் அக்கட்டைகளுக்கே பொருந்தும். கட்டப்பட்டு அவ்வாறே கிடப்பதற்குக் கட்டிய மரம் என்னும் பெயர் போதும். நாடோறும் அவிழ்த்துக் கட்டுவதற்கு வினைத்தொகையே ஏற்ற பெயர். ஆங்கில அகராதியார் இழந்தது சிறு நுணுக்கம் போலத் தோன்றும். ஆயினும் அக்கலத்தின் உயிர்நிலை அந்நுணுக்கத்திலேதான் உள்ளது.

ஐரோப்பியர் கண்ட கட்டுமரமும் இதுவே. வெனிசு நகரத்து இரத்தின வணிகரான கஸ்பாரோ பல்பி 1583இல் சாந்தோமிலே தாம் கண்டதை விரித்து எழுதினார். உருண்ட கட்டைகள் ஏழு சேர்த்துக் கட்டப்பெற்றிருந்தன என்றும், அவற்றுள் ஐந்து அடிப்பகுதியாயின என்றும், நடுவில் நின்ற நீண்ட கட்டை நீரைக் கிழித்துச் சென்றது என்றும் கூறி, அதற்குக் ‘கட்டமெரோனி’ என்பது போன்றதொரு பெயரையும் தந்தார். ஆங்கிலேயருள் மருத்துவர் ஜோன் பிரையர் 1673ஆம் ஆண்டுக் குறிப்பில் பிணைத்த கட்டைகளையும் நடுவே நிற்கும் பாயையும் துடுப்பையும் குறிப்பிடுகின்றார். கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட உலகப் பயண நூலில் காட்சி சிறிது மாறுகின்றது. அவர் கண்டது ஒரு கட்டையாலோ சிலபொழுது இரண்டு கட்டைகளாலோ ஆகிய சிறு மிதவை. ஒருவனே அமர்வதற்கு உரியது. அவன் கால்களும் இடைக்கீழும் எப்போதும் நீரிலேயே இருக்கும். இரண்டு கட்டைகள் என்னும் இக்குறிப்பை நினைவிற் கொள்ளுதல் நன்று. பின்னர் வந்த திரிபுகளுக்கு இதுவே காரணம் எனத் துணிதற்கு இல்லை. எனினும் ஏழு கட்டைகளையும் இரண்டு கட்டைகளையும் ஒருபெயராற் சுட்டும் வழக்கம் ஐரோப்பியரிடையே தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

கட்டு என்பது கற்ற எனவும், மரம் என்பது மரான் எனவும் திரிந்ததற்கு வியப்புறுதல் வேண்டா. கட்டு என்பதன் ஈறு வன்றொடர்க் குற்றியலுகரம். தன் மாத்திரையிற் குறைந்து இதழ் குவியாது ஒலிப்பது. அயலார் செவிக்கு அது உகரமாகவே படாது. ஏதோ ஓர் உயிரின் நிழலாகவே படும். அந்நிழலுக்கு அவர் அகர எழுத்தை இட்டனர். மரம் என்பதன் ஈற்று மகரமும் பேச்சு வழக்கில் முற்றாக ஒலியாது, முன்னின்ற அகரத்தை மூக்கொலியாக்கிவிட்டுத் தான் மறையும். மூக்கொலியைக் கேட்டவர் சிலர் மகரமாகவும் சிலர் னகரமாகவும் எழுதினர். ஹொப்சன் ஜொப்சனிலே ‘கட்மரம்’ என்னும் வடிவமும் காணப்படுதலை நோக்குக. இறுதியசையை அழுத்தி ஒலிக்கும் ஆங்கிலோ இந்திய வழக்குச் சரியன்று என அந்நூலார் கண்டித்தும் உள்ளனர், கண்டனம் பயன்தரவில்லை. அணைக்கட்டு என்னும் சொல்லும் ஆங்கிலத்துட் சென்று ‘அனிக்கட்’ ஆயிற்று. ஒரே கட்டு ஓரிடத்திற் கட் என முடங்கவும், மற்றோரிடத்திற் கற்ற என நீளவும் காண்கின்றோம்.

மரம் என்பதற்கு மரன் என்பது பழந்தமிழ் வடிவம் என்றும், ஓரறிவுயிர்களைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் மரபியலில் அவ்வடிவையே ஆண்டனர் என்றும், ஆங்கிலேயர் காத்துத் தந்தது அத்தொல்வடிவமே என்றும் மகிழ்வாரும் உளர். மரபியற் சான்று மெய்யே. அதிலிருந்து பெறும் முடிபு பொய். பதினாறாம் நூற்றாண்டிலே சாந்தோம் கரையில் வலை உலர்த்தியவர் அயலாரிடம் தொல்காப்பிய வழக்கிற் பேசியிருப்பர் எனக் கொள்வதற்கு இடமில்லை.

இச்சொல்லை ஆங்கிலேயர் சென்னையிலே பெற்றனர், திருகோணமலையிலே பெறவில்லை. இதற்கு நிலவியலே காரணம். சென்னையில் நெடுங்காலம் துறைமுகம் இருந்ததில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கரைக்கும் அவற்றுக்கும் இடையே அலைமுறிவு மதில்போல நின்றது. ஐரோப்பியப் படகுகள் அதனைத் தாண்ட முற்பட்டால் உடைந்து போகும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகே ஆட்களையும் பொதிகளையும் ஏற்றி இறக்கியது. அதுவும் செல்ல அஞ்சும் நாளிற் கட்டுமரம் ஒன்றே சென்றது. கட்டுமரக்காரர் நீர்புகாத தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக் கப்பலுக்குக் கொண்டு சென்றனர் எனப் பயணிகள் பலர் எழுதினர். கரையிறங்கும் முன்னரே ஆங்கிலேயர் ஒவ்வொருவரும் காணும் முதல் தமிழர் கட்டுமரத்தின் மேல் இருந்தவரே ஆதலின், அவர் ஏறிவந்ததன் பெயர் நாவிற் படிந்தது. சென்னையிற் செயற்கைத் துறைமுகம் கட்டும் பணி 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலேயே தொடங்கிற்று. அதற்குள் சொல் ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது.

திருகோணமலையின் இயல்பு இதற்கு நேர்மாறு. உட்துறைமுகம் ஆழமும் அடக்கமும் உடையது; பெருங்கப்பலும் கரையை அடுத்து நிற்கும். வடகீழ்ப் பருவக் காற்றிலே சோழமண்டலக் கரையின் திறந்த கடலில் நிற்கலாற்றாத கடற்படைகளுக்குப் புகலிடம் வேண்டியிருந்தமையாலேயே 1782இல் ஆங்கிலேயரும் பிரான்சியரும் இத்துறையை ஒருவர்பின் ஒருவராய்க் கைப்பற்றினர். புயலிற் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் கப்பல் மசூலிப்பட்டினத்திலிருந்து பழுதுபார்க்க வந்ததும், அதனால் றொபேட் நொக்ஸ் கண்டி மன்னனின் சிறைப்பட்டதும் கொட்டியாரக் குடாவிலேதான். இங்கே வந்த மாலுமிக்கு அலைமுறிவைக் கடக்க எவருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. அன்றியும் ஈழத்து வடகீழ்க் கரைகளில் இவ்வகைக் கலத்துக்குத் தெப்பம் என்னும் பெயரே பெருவழக்காய் இருந்தது. திருகோணமலையிற் பெற்றிருப்பின் ஆங்கிலேயர் இன்று ‘தெப்பம்’ என்றே வழங்கியிருப்பர் போலும். அவர்கள் இத்துறையிலிருந்து கொண்டு சென்றது ஊர்ப்பெயர் ஒன்றையே. 1817இல் பம்பாயிலே தேக்குமரத்தாற் கட்டிய போர்க்கப்பலுக்கு அப்பெயரை இட்டனர். அது இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையில் இன்றும் காக்கப்படுகின்றது.

சென்னையை விட்டு நீங்கிய பின்னர் சொல் தன் பொருளை மெல்ல மெல்ல உதிர்த்தது. கப்பல் உடைந்த இடத்திலே பாய்மரத் துண்டங்களைச் சேர்த்துக் கட்டி உயிர்தப்பும் மிதவையும் கற்றமரான் எனப்பட்டது. இதுவரை குற்றமில்லை; கட்டுதல் அங்கும் உண்டு. அடுத்து நேர்ந்ததே நகைப்புக்குரியது. 1811ஆம் ஆண்டின் இலண்டன் கொச்சைச்சொல் அகராதி ஒன்று மெலிந்து வற்றிய கிழவியைக் குறிக்கும் சொல்லாக இதனைத் தந்து, மேற்கூறிய மிதவையையே அதற்கு மூலமாகக் காட்டுகின்றது. மறியற் எனப்படும் கப்பற்கதை ஆசிரியர் 1830களில் எழுதிய ‘பீற்றர் சிம்பிள்’ என்னும் நாவலில் இதை வசைமொழியாக ஆண்டார். சண்டைக்காரி என்னும் பொருள் இவ்வாறு நிலைபெற்றது. சொல்லின் முதலசை ஆங்கிலத்திற் பூனையின் பெயரோடு ஒத்திருத்தலும், பூனையைச் சீறும் பெண்ணுக்கு உவமை கூறும் அவர் வழக்கமும் இதற்குத் துணைசெய்திருக்கும் எனக் கருதுவது பொருந்தும். அயல்மொழியிற் புகுந்த சொல்லுக்குத் தாய்மொழி உறவினர் இல்லை. ஒலியால் ஒத்தவரே உறவினர் ஆவர். கட்டு என்பதற்குக் கட்டில், கட்டளை, கட்டடம் எனத் தமிழிலே சுற்றம் சூழ்ந்திருக்க, ஆங்கிலத்தில் அதற்கு வாய்த்த சுற்றம் பூனை.

1804 ஒக்டோபர் 2ஆம் நாள் இரவு, நெப்போலியனின் படையெடுப்புக்கென பூலோன் துறையிற் கூடியிருந்த கலங்களை அழிப்பதற்கு ரொபேட் பல்டன் என்னும் அமெரிக்கர் அமைத்த வெடிகலங்களை ஆங்கிலேயர் ஏவினர். ஏறக்குறைய 21 அடி நீளமுள்ள, ஈயம் பொதிந்த, வெடிமருந்து நிறைந்த பேழைகள் அவை. அவற்றுக்கும் கற்றமரான் என்றே பெயர். தாக்குதலாற் பெரும்பயன் விளையவில்லை. நீரோடு நீராய்த் தாழ்ந்து மிதப்பது என்னும் ஒரு தன்மையைத் தவிரச் சோழமண்டலக் கரைக்கும் அப்பேழைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆங்கிலக் கடற்படைத் துறைகளிலே கப்பல் மேடையில் மோதாதபடி இடையே மிதக்கவிடும் மரச்சட்டகத்துக்கும் இதே பெயர் வழங்கிற்று. கட்டைகள் இருந்தாற் போதும். அது ஒரு கற்றமரான்.

இவ்வாறு பொருள் நெகிழ்ந்து கிடந்த சொல்லையே அமெரிக்காவில் நதானியேல் ஹெரஷொவ் என்னும் கப்பற் சிற்பியின் புதுக்கலத்துக்குச் சூட்டினர். அவர் அமைத்த ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டையுடற் பாய்க்கலம் 1876இல் நியூயோர்க் போட்டியிலே ஏனையவற்றை எளிதில் முந்தியது. முந்தியதனாலேயே தகுதியற்றது எனத் தள்ளப்பட்டது. 1877இல் அவர் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டிலே ஹவாயி முதலிய தீவுகளின் தொன்மையான இரட்டை ஓடங்களைப் பின்பற்றி இத்தகைய பாய்க்கலங்கள் பெருகப் பெருக, இச்சொல்லின் ஏனைப்பொருள்கள் யாவும் மங்கின. மூன்று உடல் கொண்ட கலம் தோன்றியபோது விக்ரர் செச்செற் என்பார் அதற்கு ‘ட்ரைமரான்’ எனப் பெயரிட்டார். மூன்று என்பதைக் குறிக்கும் முன்னொட்டை இட்டு, கற்ற என்பதை வெட்டி எறிந்து, மரான் என்பதைக் கலத்தின் உடல் எனக் கொண்ட ஆக்கம் இது. கட்டுதல் என்னும் வினை இவ்விடத்தில் முற்றாக அற்றது; மரம் என்னும் பெயரோ மரமே இல்லாத உலோகக் கலத்துக்கும் பெயரின் பாதியாய் நின்றது.

இவ்வரலாற்றை அறிந்தோர், இரட்டையுடற் கப்பலைத் தமிழரே முதலிற் படைத்தனர் என்று மேடைதோறும் முழங்கப்படுவதை ஒப்புதல் அரிது. பசிபிக் தீவினர் அத்தகைய ஓடங்களைத் தம் மொழிப் பெயர்களாலேயே அழைத்துப் பெருங்கடலைக் கடந்தனர். ஆங்கிலேயருள் சேர் வில்லியம் பெற்றி என்பார் 1662 முதல் இரட்டை அடிக் கப்பல்களைக் கட்டிச் சோதித்தார்; அவற்றை எவரும் கற்றமரான் என அழைத்ததில்லை. பொருள் முன்பே இருந்தது; பெயர் இருநூறாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. பெயர் தமிழ் என்பதனால் பொருளும் தமிழர் ஆக்கம் என வாதிடுவது, போர்க்கப்பலுக்குத் திருகோணமலை எனப் பெயரிருத்தலின் அது நமது உட்துறைமுகத்திற் கட்டப்பட்டது என்று கூறுவதை ஒக்கும்.

இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவிற் கடாரத்தின்மேற் படையேவியது கட்டுமரங்களில் என்னும் கூற்றும் அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. அவன் மெய்க்கீர்த்தி பேசுவது கலங்களையே, கட்டுமரத்தை அன்று. படைக்குரிய நீரும் உணவும் யானையும் ஏற்றுதற்கு, அலை தன்மேல் ஏறி வழியும் கலம் எங்ஙனம் உதவும்? வங்கம், நாவாய், கலம், அம்பி, திமில், புணை எனப் பழந்தமிழர் வேறுபடுத்தி வைத்த பெயர்கள், அவர்கள் ஒவ்வொன்றின் பயனையும் பிரித்தறிந்தனர் என்பதற்குச் சான்று. அவற்றையெல்லாம் ஒரு கட்டுமரத்துள் அடக்குதல் முன்னோரைப் புகழ்வதாகாது.

ஆங்கிலேயரின் மயக்கம் ஈழத்திலும் ஒரு தடம் விட்டுச் சென்றது. கொழும்புக் கரையிலே சிங்கள மீனவர் செலுத்திய ஓருவ என்னும் வள்ளத்தைப் படமாக்கிய பழைய அஞ்சலட்டைகளிற் கற்றமரான் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். குடைந்த ஒரே வள்ளமும், அதற்குத் துணையாகப் பக்கத்தே வளைகம்புகளாற் பிணைத்த மிதவைக் கட்டையும் கொண்ட கலம் அது. தனக்கெனத் தொன்மையும் தனிப்பெயரும் உடையது. தமிழ்ப்பெயர் ஒன்றை அயலார் கொண்டுவந்து சிங்களவரின் கலத்துக்குச் சூட்டிய இவ்வழுவையும், தமிழர் பெருமைப் பட்டியலில் எவரேனும் சேர்க்காதிருப்பாராக.

திருக்கடலூர், சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி எனத் தொடரும் கரையில் இன்று மேலோங்கி நிற்பவை கண்ணாடி நாரிழைப் படகுகளும் அவற்றின் வெளியிணைப்பு இயந்திரங்களுமே. இம்மாற்றம் முன்னரே தொடங்கியது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரணமாக வந்த படகுகளால் விரைந்தது. தெப்பத்தைக் காணாமலே கற்றமரானைப் படத்திற் காணும் மாணவர் தலைமுறை ஒன்று வளர்கின்றது. செய்தியிதழ்களும் இருவகையாற் பிழைபடுகின்றன. சில இதழ்கள் இரட்டையுடற் பயணக் கப்பலை ஆங்கில ஒலிப்படியே எழுதுகின்றன. தன் வீட்டுக்கு வந்த மகளை அயலாளாக வரவேற்பதுபோன்ற செயல் அது. வேறு சில இதழ்கள் அதனையே கட்டுமரம் எனத் தமிழாக்குகின்றன. முன்னையது நாணத்தக்கது, பின்னையதோ கேடு தருவது. ஒலிபெயர்ப்பு சொல்லை மறைக்கும் அளவிலே நிற்கும். பிழையான மொழியாக்கம் சொல்லின் பழம்பொருளையே அழித்துவிடும். கட்டுமரம் என்றால் இரண்டு உடல் கொண்ட இயந்திரக் கப்பல் என ஒரு மாணவன் விடையெழுதும் நாள் வந்தால், அவனைக் குறைகூற ஆசிரியருக்கு வழியிராது.

அக்கப்பலுக்குத் தமிழில் இரட்டையுடற் கலம் என்றோ இணைகலம் என்றோ பெயரிடலாம். இணைகலம் சுருக்கமும் ஓசையும் உடையது. இதுவும் வினைத்தொகையாகவே அமையும். மூன்று உடல் கொண்டதை மூவுடற் கலம் எனலாம். கட்டுமரம் என்னும் பெயரைக் கயிற்றால் நாடோறும் கட்டப்படும் கட்டைகளுக்கே விட்டுவைத்தல் வேண்டும்; அகராதி தொகுப்போர் அதற்குப் பொருள் எழுதும்போது, அவிழ்த்தலையும் ஒரு சொல்லாற் குறித்தால் மேலும் நன்று.